கழற்றி எறிந்த சீட்டிலிருந்து ஒரு ஸலாம்

“காக்கா, நீங்க ஏன் அவருக்குப் பதில் சொல்லல்ல?”

ஆதிலா தன் அண்ணனிடம் இதைக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. கார் ஒழுங்கைக்குள் மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தது. அஸர் தொழுகை முடிந்து சற்று நேரம்தான். நல்ல வெளிச்சம். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த முர்ஷித் இரண்டு பக்கமும் பார்த்தான். தெருவில் யாரும் இல்லை.

“யாருக்குடி?”

“பின்னுக்கு இரிக்கிறவருக்கு. ஸலாம் சொன்னாரே... கேக்கல்லியா?”

“உனக்குச் சொன்னா நீயே பதில் சொல்லேன்.” அவன் சிரித்தான்.

“எனக்கில்ல காக்கா. ஓட்டுற ஆளுக்குத்தான் சொன்னாரு.”

சிரிப்பு பாதியில் நின்றது. ஏனென்றால் அந்தக் காரில் பின்சீட்டே இல்லை. இரண்டு கிழமைக்கு முன்பு முர்ஷித்தான் அதைக் கழற்றி, வேலியோரம் எறிந்திருந்தான். அந்த இடத்தில் இப்போது வெறும் தகரத் தரை. அதன்மேல் ஒரு கிழிந்த சாக்கு. வேறு ஒன்றும் இல்லை.

இது நடந்தது. நம்புவதும் விடுவதும் வாசிக்கிறவர்களின் விருப்பம். ஆனால் அந்தக் கார் இன்றைக்கும் கல்முனைக்குடியில் நிற்கிறது. அதன் நான்கு கதவுகளில் மூன்றை இழுத்துத்தான் திறக்க வேண்டும். இடப்பக்கப் பின்கதவு மட்டும் ஒரு விரல் பட்டாலே திறக்கும். ஏன் என்று கேட்டால் முர்ஷித் சிரிப்பான். பேச்சை மாற்றிவிடுவான்.

அவனுக்கு அப்போது பதினெட்டு வயது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த காலம். தலைக்குள் ஒரே பைத்தியம், டிரிஃப்ட். கார் நேராக ஓடக்கூடாது. பின்பக்கம் வழுக்கி, கடற்கரை நண்டு மாதிரிப் பக்கவாட்டில் வளைந்து ஓட வேண்டும். அதற்குப் பின்சில்லால் ஓடுகிற பழைய கார் தேவை. இரண்டு போகம் வெட்டு மெசினோடு வயல் வயலாக அலைந்து சேர்த்ததைக் கையில் வைத்துக்கொண்டு அவன் தேடினான். வெல்டிங் கடையில் வேலை செய்யும் கூட்டாளி அப்ராஸும் சேர்ந்து தேடினான்.

தம்பிலுவிலில் கிடைத்தது. ஒரு பழைய டீஎக்ஸ் கொரோலா. வளவின் பின்னால், கஜு மரத்துக்குக் கீழே, நாலு டயரும் காற்றிறங்கி நின்றது. வீட்டுக்காரியின் பெயர் சீதேவி. அவருடைய கணவர் தங்கத்துரை அந்தக் காரை வாடகை ஹயருக்கு ஓட்டியவர். அவர் இறந்து மூன்று வருசம்.

கார் முழுக்கச் சருகும் தூசியும் சிலந்தி வலையும். பின்சீட் மட்டும் துடைத்துச் சுத்தமாக இருந்தது. நேற்றுத்தான் யாரோ துடைத்த மாதிரி.

சீதேவி முர்ஷிதின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கேட்டார்.

“தம்பி, நீங்க தொழுற பிள்ளதானே?”

“ஓம் அம்மா...” அவன் தடுமாறினான். “சில நேரம் சுபஹ் மட்டும் தப்பிப்போகும்.”

அவர் சிரித்தார். “அப்ப நீங்களே எடுத்துப் போங்க.”

வரும் வழியெல்லாம் அப்ராஸ் விடவில்லை. “முந்தி வந்த ரெண்டு பேருக்கும் இல்லையெண்ட மனிசி, ஒனக்கு மட்டும் மாப்பிள்ள பாக்கிற மாதிரிக் கேள்வி கேட்டுத் தந்திரிக்கா. கார் எடுத்தியா, சம்பந்தம் பேசினியா?”

வீட்டு வளவில் ஒரு தகரக் கொட்டிலின் கீழ் வேலை தொடங்கியது. முதலில் பாரத்தைக் குறைக்க வேண்டும். பின்சீட்டைக் கழற்றினார்கள். கூரைத் துணியைக் கிழித்தார்கள். முன்னால் இடப்பக்க சீட்டை மட்டும் முர்ஷித் விட்டுவைத்தான். அது ஆதிலாவுடையது என்று அவள் முதல் நாளே சொல்லிவிட்டாள். அப்ராஸ் டிப்ரன்ஷலுக்குள் வெல்டிங் அடித்து, இரண்டு பின்சில்லும் ஒன்றாகவே சுற்றும்படி பூட்டினான். அதன்பிறகு கார் திரும்பும்போதெல்லாம் பின்டயர்கள் கத்தின. கீச்... கீச்...

ஸ்பிரிங்கை வெட்டிக் காரின் உயரத்தைப் பதித்தார்கள். முதல் பிசகு அங்கேதான் தெரிந்தது.

இடப்பக்கப் பின்புறம் இரண்டு விரல் இறங்கி நின்றது. அளந்து பார்த்தார்கள். இரண்டு ஸ்பிரிங்கும் ஒரே அளவு. பக்கம் மாற்றிப் போட்டார்கள். மறுபடியும் அதே இடம். அதே இரண்டு விரல்.

“உள்ளுக்கு ஆரையும் ஏத்தி வெச்சிரிக்கியாடா?” என்று அப்ராஸ் கார் தூக்கும் ஜக்கை உதறிவிட்டு எழும்பினான். “எறங்கச் சொல்லு. வேல நடக்கட்டும்.”

அந்த ஆளை இறக்குவதற்கும் வழியில்லை. இடப்பக்கப் பின்கதவு திறக்கவே இல்லை. பூட்டைக் கழற்றினார்கள். கறள் துருவுக்கு எண்ணெய் விட்டார்கள். அப்ராஸ் அலவாங்குக் கம்பி வைத்து நெம்பினான். அலவாங்கு வளைந்தது. கதவு அசையவில்லை.

பிறகு அந்தக் கண்ணாடி.

காலையில் எல்லாக் கண்ணாடிகளிலும் பனி வெளியே படிந்திருக்கும். அந்த ஒரு கதவின் கண்ணாடியில் மட்டும் உள்ளே படிந்திருந்தது. முர்ஷித் கையை விட்டுத் துடைத்தான். விரலில் பட்ட ஈரம் குளிரவில்லை.

வெதுவெதுப்பாக இருந்தது.

பழைய கார், ஆயிரம் கோளாறு இருக்கும் என்று அவன் மனதைத் தேற்றிக்கொண்டான். அடுத்த நாள்தான் ஆதிலா முன்சீட்டில் ஏறினாள். அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

அன்று இரவே அவளுக்குக் காய்ச்சல்.

உம்மா நதீரா அவள் நெற்றியில் ஈரத் துணியைப் போட்டுக்கொண்டே விசயத்தைக் கேட்டறிந்தார். கேட்டதும் கை நின்றுவிட்டது.

“மகன், நீ பதில் கிதில் சொன்னியா?”

“இல்ல உம்மா. எனக்கு ஒண்டும் கேக்கவே இல்ல.”

“படச்சவனே... கேட்டாலும் சொல்லிப்போடாத. முகம் தெரியாத சத்தத்துக்குப் பதில் சொல்லப்படாது. சொன்னா அது ஒட்டிக்கிரும்.”

படுக்கையிலிருந்து ஆதிலா கண்ணைத் திறந்தாள். “ஸலாம் சொன்னா கட்டாயம் பதில் சொல்லணுமெண்டு ஓதுற பள்ளியில சொல்லித் தந்தாங்களே உம்மா.”

“அது மனிசருக்கு மகள்.”

“அவரும் மனிசர்தானே?”

உம்மா துணியை மறுபடி நனைத்துப் போட்டார். வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த வாப்பா மீராமுகைதீன்தான் பேசினார். அதட்டல் இல்லாத குரல். அதனால்தான் முர்ஷிதுக்குப் பயம் கூடியது.

“வெள்ளிக்கிழம ஜும்ஆவுக்கு முன்னுக்கு இரும்பு வாங்குறவன வரச் சொல்றன். வெட்டி ஏத்திக்கொண்டு போகட்டும்.”

“வாப்பா... ரெண்டு போகம் வெயில்ல நிண்டு...”

“புள்ளைய விடப் பெருசா அது?”

தங்கச்சியை விடப் பெரிது எதுவும் இல்லை. ஆனால் கொட்டிலில் நின்ற அந்தக் காரின் ஒவ்வொரு ஆணியும் அவன் கையால் முறுக்கியது. இன்னும் ஒரு தடவைகூட அதை அவன் சரியாக ஓட்டிப் பார்க்கவில்லை.

காய்ச்சல் விடிவதற்குள் இறங்கிவிட்டது. வாப்பாவின் முடிவு வெள்ளிக்கிழமை காலைவரை இறங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மாலை முர்ஷிதும் அப்ராஸும் காரை நிந்தவூர்ப் பக்கம் கொண்டுபோனார்கள். அங்கே மூடிக் கிடந்த ஒரு அரிசி ஆலை இருந்தது. ஆலைக்குப் பின்னால் நெல் காயப்போடும் சீமெந்துக் களம். பந்து விளையாடும் மைதானத்தில் பாதி அளவு. வழவழப்பு. வெட்டுக் காலம் இல்லாததால் ஒரு நெல்மணிகூட இல்லை. காவல்காரரிடம் கேட்டுத்தான் உள்ளே போனார்கள்.

பள்ளிவாசலில் மஃரிப் பாங்கு கேட்டது. மணி ஆறு பத்து.

“வா, தொழுதிட்டு வந்து ஓடுவம்” என்றான் அப்ராஸ்.

“நீ போ. ஒரு சுத்து. ஒரே ஒரு சுத்து. ஒனக்குப் பின்னால வந்திர்றன்.”

அப்ராஸ் தலையை ஆட்டிவிட்டு நடந்தான். முர்ஷித் இயந்திரத்தை உறுமவிட்டான். களத்தின் நடுவே வந்ததும் ஸ்டியரிங்கை வெட்டி, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, அக்சிலேட்டரை மிதித்தான்.

கார் நண்டானது.

பின்பக்கம் அகலமாக வீசித் திரும்பியது. டயர் புகைந்தது. ஆலைச் சுவர் கண்ணாடியில் பக்கவாட்டில் ஓடியது. பல மாதக் கனவு நிறைவேறியது. அவன் கத்திச் சிரித்தான். ஒரு சுற்று. இன்னொன்று. தொழுகை நேரம் நழுவியதே தெரியவில்லை...

“அஸ்ஸலாமு அலைக்கும்.”

காதுக்குப் பின்னால். இடப்பக்கம்.

இத்தனை இரைச்சலிலும் அது தெளிவாகக் கேட்டது. ஆணின் குரல். களைத்த குரல். பயமுறுத்துகிற குரலே இல்லை. ஒரு வீட்டு வாசலில் நின்று, உள்ளே ஆள் இருக்கிறதா என்று தயங்கிக் கேட்கிறவரின் குரல்.

முர்ஷிதின் கால் தானாக எழும்பியது. கார் ஆலைச் சுவரை நோக்கிச் சறுக்கியது. பிரேக்கை மிதித்தான். சுவருக்கு ஒரு முழம் இருக்க நின்றது. இயந்திரம் அணைந்தது.

அமைதி.

சூடான இரும்பு மட்டும் ‘டிக்... டிக்...’ என்று ஆறிக்கொண்டிருந்தது.

“அஸ்ஸலாமு... அலைக்கும்.”

இப்போது இன்னும் பக்கத்தில்.

உம்மாவின் வார்த்தை நினைவுக்கு வந்தது. சொல்லிப்போடாத. ஒட்டிக்கிரும். அவன் உதட்டை இறுகக் கடித்தான். கையால் கதவைத் தேடினான். பிடி கையில் அகப்படவில்லை.

பின்பக்கம் காட்டும் கண்ணாடியைப் பார்க்கக்கூடாது என்று நினைத்தான்.

பார்த்தான்.

வெறும் தகரத் தரை. சாக்கு.

சாக்கின் நடுவில் ஒரு குழி. மெதுவாக... ஆழமாகியது.

“அஸ்ஸலாமு...”

மூன்றாவது தடவை அது முடியவில்லை. இழுத்து, தேய்ந்து, ஒரு பெருமூச்சாகி நின்றது.

ஓட்டுநர் பக்கக் கதவு திறந்தது. அவன் களத்தில் விழுந்து எழுந்து ஓடினான்.

வாசலில் அப்ராஸ் வந்துகொண்டிருந்தான். தொழுது முடித்த முகம். முர்ஷிதைப் பார்த்தான். பிறகு அவன் தோளுக்கு மேலால் காரைப் பார்த்தான்.

“மத்த ஆள் எங்கடா?”

“எந்த ஆள்?”

“நான் பள்ளியால வரக்குள்ள பின்னுக்கு ஏத்தி வெச்சிருந்தியே... கண்ணாடியில தலயச் சாய்ச்சிக்கிட்டு இருந்தாரே...”

அன்றைக்குக் காரை அங்கேயே விட்டுவிட்டு இருவரும் பஸ்ஸில் வீடு வந்தார்கள். அப்ராஸ் வழியெல்லாம் ஒரு பகிடியும் விடவில்லை.

மறுநாள் காலை முர்ஷித் தனியாகத் தம்பிலுவிலுக்குப் போனான். சீதேவி முற்றத்தில் கருவாடு பரப்பிக்கொண்டிருந்தார். அவனைக் கண்டதும் கையைத் துடைத்தார். என்ன விசயம் என்று கேட்கவில்லை.

“கதைச்சவரா தம்பி?” என்றுதான் கேட்டார்.

முர்ஷித் அப்படியே நின்றான்.

“இரிங்க. தண்ணி குடிங்க. சொல்றன்.”

பத்துப் பன்னிரண்டு வருசத்துக்கு முந்திய விசயம். தங்கத்துரை கல்முனைக்கு ஒரு ஹயர் போய், விடிவதற்குக் கொஞ்சம் முன்பு திரும்பி வந்துகொண்டிருந்தார். பாலமுனை தாண்டி, வயல் வந்து ரோட்டை முட்டுகிற இடத்தில் ஒரு சின்ன மதகு. மதகடியில் ஒரு சைக்கிள் நெளிந்து கிடந்தது. மீன்பெட்டி உடைந்து, மீன் ரோட்டெல்லாம் சிதறியிருந்தது. பக்கத்தில் ஒரு மனிதர். இடித்த வாகனம் நிற்காமல் போயிருந்தது. அந்த மனிதரின் பெயர் கலந்தர் என்று பிறகுதான் தெரிந்தது. விடியப் புறத்தில் மீன் எடுத்துக்கொண்டு விற்கப் போகிற யாவாரி.

“எங்கட இவர் தனிய ஆளைத் தூக்கிப் பின்சீட்டில சாய்ச்சு வெச்சிப்போட்டு, ஆஸ்பத்திரிக்கு ஓடினவர் தம்பி. வழியில அந்த மனிசன் கதைச்சவராம். நீங்க ஆளுக்காள் சொல்லுவீங்களே, அது. மூண்டு தரம் சொன்னவராம். மூண்டாவது தரம் முழுசா வரல்லயாம்.”

“ஐயா பதில் சொல்லல்லியா?”

“அதுதான் தம்பி கரைச்சல்.” சீதேவி முந்தானையால் கண்ணை ஒற்றினார். “இவருக்குப் பதில் தெரியும். காலம் முழுக்க உங்கட ஆக்களோடதானே ஹயர் ஓடினவர். வாய் வரைக்கும் வந்ததாம். நான் வேற சமயம், சாகக் கிடக்கிற மனிசனுக்கு நான் அதைச் சொன்னா அவருக்குக் குத்தமாப் போயிருமோ எண்டு விழுங்கிப்போட்டார். மரியாதைக்குத்தான் தம்பி சொல்லாம விட்டவர். அந்த நேரம் ரெண்டு பக்கத்தாரும் கொஞ்சம் யோசிச்சு யோசிச்சுக் கதைச்ச காலமும்தானே.”

அதற்குப் பிறகு தங்கத்துரை அந்தக் காரில் ஹயர் ஓடவில்லை. கஜு மரத்தடியில் நிறுத்தினார். நாள்தோறும் பின்சீட்டைத் துடைப்பார்; அவருக்குப் பிறகு சீதேவி துடைத்தார். அந்தச் சொல்லை அவர் பிறகும் கேட்டாரா என்று சீதேவி கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. சாகும்வரை ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா என்ன குறஞ்சிருக்கும்?

“பதில் சொல்லத் தெரிஞ்ச பிள்ளைக்கிட்டப் போகட்டும் எண்டுதான் உங்களுக்குத் தந்தன். சொல்லித் தந்திருந்தா எடுத்திருப்பீங்களா? அது என்ட பிழைதான்.”

முர்ஷித் எழும்பினான். வாசல் வரைக்கும் போனவனை அவர் மறுபடி கூப்பிட்டார்.

“இன்னொண்டு இருக்கு தம்பி. நான் இதை ஒருத்தருக்கும் சொன்னதில்ல.”

அவர் குரல் தாழ்ந்தது.

“ஆஸ்பத்திரியில டொக்டர் பாத்துப்போட்டு இவரை ஏசினவராம். ‘இவ்வளவு நேரம் என்ன செய்தாய்? ஆள் செத்து ரெண்டு மணித்தியாலத்துக்கு மேல’ எண்டு.”

“எவ்வளவு நேரம் எடுத்திச்சு, கொண்டுபோக?”

“கால் மணித்தியாலம்கூட இல்ல.”

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. முர்ஷிதின் முதுகில் மயிர் சிலிர்த்து நின்றது. தங்கத்துரை தூக்கிச் சாய்த்தபோதே கலந்தர் உயிர் போய் மௌத்தாகியிருந்தார்.

அப்படியென்றால் ஸலாம் சொன்னது?

வியாழக்கிழமை மாலை அவன் ஆலைக்குப் போய்க் காரை எடுத்தான். யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த நாள் இரும்பு வாங்குகிறவன் வந்துவிடுவான். இந்தத் தடவை அவன் மஃரிபைப் பிற்போடவில்லை. பாலமுனைப் பள்ளியில் ஜமாஅத்தோடு தொழுதான். பின்வரிசையில் கொஞ்ச நேரம் இருந்து துஆ கேட்டான். பிறகு மதகடிக்கு ஓட்டிவந்து, வயலோரமாக நிறுத்தி, இயந்திரத்தை அணைத்தான்.

வயலில் தவளைகள் கத்திக்கொண்டிருந்தன. தூரத்தில், ஒலுவில் துறைமுகத்துப் பக்கம், ஒரு விளக்கு.

பின்பக்கம் காட்டும் கண்ணாடியை மேலே மடக்கிவிட்டான். இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்தான்.

காத்திருந்தான்.

திடீரென்று தவளைகள் நின்றன.

இடப்பக்கக் கண்ணாடியில் பனி படரத் தொடங்கியது. உள்ளே.

“அஸ்ஸலாமு அலைக்கும்.”

உம்மாவின் முகம் வந்தது. ஒட்டிக்கிரும்... அதற்குப் பின்னால் ஆதிலாவின் முகம் வந்தது. நீங்க ஏன் அவருக்குப் பதில் சொல்லல்ல?

அவன் வாயைத் திறந்தான்.

“வஅலைக்குமுஸ்ஸலாம்... வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.”

பின்னால் ஒரு மூச்சு. நெடுநேரம் அடக்கி வைத்திருந்த மூச்சு.

அவன் திரும்பவில்லை. குரல் உடைந்தது. ஆனாலும் சொன்னான்.

“இது என்ட பதில். அன்டைக்கு உங்களத் தூக்கிக்கொண்டு போனவருக்கும் சொல்ல விருப்பம்தான். மரியாதைக்குச் சொல்லாம விட்டுட்டாரு. அவருக்காகவும் நானே சொல்றன்.”

இன்னொரு தடவை முழுமையாகச் சொன்னான். மெதுவாக. ஒரு எழுத்தும் விடாமல்.

ஸ்பிரிங் முனகியது.

கார் இடப்பக்கம் எழும்பியது. இரண்டு விரல்.

அலவாங்குக்கும் அசையாத அந்தக் கதவு... சத்தமில்லாமல் திறந்தது. வயல் காற்று உள்ளே வந்தது. அதில் கொஞ்சம் மீன் வாசம்.

முர்ஷித் கண்ணை மூடிக்கொண்டான்.

கதவு சாத்தப்பட்டது. அடித்து அல்ல. வாகனம் தன்னுடையதல்ல என்று தெரிந்த ஒருவர், ஓட்டுகிறவரின் மனம் நோகாமல் சாத்துவது போல... மெதுவாக.